வேனுக்கு அம்மை போட்ட கதை

நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கினார்கள். வாங்கிய அன்றே அதை நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். முன்பக்கம் வலது பாதி குருவையாவுக்கு. ஸ்டீயரிங் அங்கே இருந்ததால் ஓட்டுவதும் அவரே. முன்பக்கம் இடது பாதி அய்யலுசாமிக்கு. பின்னால் படுக்கை இருந்த பக்கம் சோலையப்பனுக்கு, அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த பக்கம் முத்தரசுக்கு. சோலையப்பனுக்குப் பசித்தால் முத்தரசின் எல்லைக்குள் அனுமதி கேட்டுப் போக வேண்டும். முத்தரசுக்குத் தூக்கம் வந்தாலும் அப்படியே. பிரேக் மட்டும் பொது. அதனால் மிதிப்பதற்கு முன் குருவையா மற்ற மூவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்.

பறவை பார்ப்பதற்காகக் காடுமேடெல்லாம் சுற்றிய ஒரு பேராசிரியர், உள்ளேயே படுத்து, சமைத்து, குளித்து வாழும்படி கட்டிய வண்டி அது. கண் மங்கியதும் விற்றுவிட்டார். வண்டிக்கும் வயதாகிவிட்டது. துருவேறிய பெயின்ட் முகமெல்லாம் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது. சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: “என்ஜினைக் குளிர வைக்கறதுக்கு கூலன்ட்னு ஒரு பச்சைத் தண்ணி இருக்கு. அது லேசா ஒழுகும். இந்த டப்பாவில கோடு போட்டிருக்கேன் பாருங்க, தண்ணி அந்தக் கோட்டுக்குக் கீழ போகவே கூடாது. சூடு காட்டற இந்த முள் சிவப்பைத் தொட்டா அந்த நொடியே வண்டியை நிறுத்திரணும்.”

நால்வரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் ஒரு சொல்லைக் கேட்டால் அந்தச் சொல்லை விட்டு இம்மியும் விலகாதவர்கள். அதனால்தான் அவர்களுக்கு இவ்வளவு கஷ்டம்.

வெள்ளிக்கிழமை குருவையாவின் தங்கை செண்பகவல்லியின் இளைய மகளுக்குக் காதுகுத்து. கழுகுமலை தாண்டி ஒரு கோயிலில், பகல் பன்னிரண்டு மணிக்குள் முகூர்த்தம். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மூத்தவளுக்குக் குத்தியபோது குருவையா சரியான நேரத்துக்கே போயிருந்தார்; மண்டபம்தான் வேறு. அங்கே அழுதுகொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒரு குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தி, மோதிரம் போட்டு, சாப்பிட்டும் வந்துவிட்டார். அந்தக் குடும்பம் இன்றுவரை அவருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறது. சொந்தத் தங்கை நான்கு வருஷம் பேசவில்லை.

இந்த முறை அவளே போன் பண்ணிச் சொன்னாள். “அண்ணே, பன்னெண்டு அடிக்கும்போது உன் மடி இங்க இருக்கணும். இல்லேன்னா பரமசிவம் மடியில வச்சுக் குத்திருவேன். அப்புறம் எனக்கு அண்ணன்னு ஒருத்தன் கிடையாது.”

பரமசிவம் அவர்களுக்குச் சித்தி மகன். நூற்பாலையில் சூப்பர்வைசர். எந்நேரமும் இஸ்திரி போட்ட மடி அவனுக்கு.

குருவையாவுக்கு மனைவி மக்கள் கிடையாது. உலகத்தில் அவருக்காக ஒரு கதவு திறந்திருக்கும் என்றால் அது இந்தத் தங்கை வீட்டுக் கதவுதான். வெள்ளிக்கிழமை அதிகாலை எழுந்து, குளித்து, புது வேட்டி கட்டி, சீர்த்தட்டுகளை முத்தரசின் பங்கில் ஏற்றி, ஆறு மணிக்கெல்லாம் விளாத்திகுளத்திலிருந்து புறப்பட்டுவிட்டார். கூட மற்ற மூன்று பங்குதாரர்களும்.

பத்து கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தார்கள். சோலையப்பன் டப்பாவைக் குனிந்து பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். கெட்ட செய்தி எதுவானாலும் அவர்தான் சொல்வார்.

“அண்ணாச்சி, தண்ணி கோட்டுக்குக் கீழ போயிட்டுது.”

“போகக் கூடாதுன்னு புரொபசர் சொன்னாரே!” என்றார் குருவையா.

“சொன்னாரு. நம்மகிட்டதான சொன்னாரு. தண்ணிகிட்டச் சொல்லலியே.”

“தொட்டியில முப்பது லிட்டர் இருக்கு, ஊத்திருவமா?” என்றார் முத்தரசு.

“தொட்டி மேல என்ன எழுதியிருக்கு?”

“குடிக்க மட்டும்.”

“பின்ன?”

அய்யலுசாமி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “கீழ போன தண்ணியை மேல ஏத்தறது நம்மால ஆகாது. கோட்டை இறக்கறது ஆகும்.”

முத்தரசின் வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு இருந்தது. பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, தண்ணீருக்கு ஒரு விரற்கடை கீழே புதுக் கோடு போட்டார்கள். தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. எல்லோருக்கும் நிம்மதி.

பத்துப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு கோடு. தண்ணீர் இறங்க இறங்க, விட்டுக்கொடுக்காமல் கோட்டையும் இறக்கினார்கள். நான்காவது கோடு டப்பாவின் அடித்தட்டில் விழுந்தது. ஐந்தாவதுக்கு டப்பாவில் இடமில்லை. சோலையப்பன் வண்டிக்கடியில் ஊர்ந்துபோய்த் தார்ச்சாலையிலேயே நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தார். பச்சைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழுந்து, ஒரு துளிகூடக் கீழே போகாமல், வெயிலில் மினுங்கிக்கொண்டு தேங்கி நின்றது.

“இப்பதான் அடங்கியிருக்கு,” என்றார் அய்யலுசாமி.

கழுகுமலை தாண்டி ஐந்தாவது நிமிஷம் முள் சிவப்பைத் தொட்டது. அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

“பிரேக் போடலாமா?” என்று கேட்டார் குருவையா.

“எனக்குச் சம்மதம்,” என்றார் அய்யலுசாமி.

“எதுக்குன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்,” என்றார் முத்தரசு.

சோலையப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி, விவரம் சொல்லி, ஒப்புதல் வாங்குவதற்குள் இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்விட்டது. ஒருவழியாக ஒரு வேப்பமரத்தடியில் நின்றபோது வண்டியின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி பொங்கியது. மணி ஒன்பதே கால். கோயிலுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். கரிசல் காட்டில் காற்றாலைகள் ஒருவருக்காகவும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தன.

எதிரே வந்த உப்பு லாரி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். “ரேடியேட்டர்ல ஓட்டைவே. கொதிக்குது, கை வச்சிராதீங்க. சூடு தணியட்டும். தணிஞ்சதும் மஞ்சத்தூள் ஒரு கை போட்டுத் தண்ணி ஊத்துங்க, ஓட்டை அடைச்சுக்கிடும். அப்புறம் பைய கூட்டிட்டுப் போங்க.” சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நல்ல மனிதர். இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நால்வரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். மேலெல்லாம் கொதிக்கிறது. கை வைக்கக் கூடாது. சூடு தணிய வேண்டும். பிறகு மஞ்சள். பிறகு தண்ணீர். சோலையப்பன் வண்டியின் முகத்தருகே போய், துருவேறிப் புடைத்திருந்த கொப்புளங்களை உற்றுப் பார்த்தார். சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

“அண்ணாச்சி,” என்றார், “முத்து முத்தாப் போட்டிருக்கு.”

மற்ற மூவரும் செருப்பைக் கழற்றினார்கள்.

“எத்தனை நாளா இருந்திருக்கும்?”

“வாங்கும்போதே முகத்துல இருந்துதே. நாமதான் கவனிக்கல.”

“பாவம், உடம்பு இப்படிக் காஞ்சுக்கிட்டிருக்கு, அதுமேல நாலு பேரு ஏறி உட்கார்ந்து வந்திருக்கோம்.”

குருவையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருவரும் வண்டியை வண்டி என்று சொல்லவில்லை.

வேப்பமரத்தில் கொத்துக் கொத்தாக ஒடித்து நான்கு கதவிலும் செருகினார்கள். சீருக்குக் கொண்டுவந்த வாழையிலையை விரித்து நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைக்கப் பார்த்தார்கள், சக்கரம் எழுந்திருக்கவில்லை. “உடம்புக்கு முடியாதவங்களை எழுப்பக் கூடாது,” என்று பக்கத்தில் வைத்தார்கள். காலையில் தாளித்து வைத்திருந்த எலுமிச்சைச் சாதத்தை முத்தரசு காகத்துக்குப் போட்டுவிட்டார். அம்மை இருக்கும் இடத்தில் தாளித்தது ஆகாது. ஹாரன் அடித்துக்கொண்டு போன பஸ்ஸைப் பார்த்து அய்யலுசாமி உதட்டில் விரலை வைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் குருவையாவுக்கு உறைத்தது. “ஏலே, அம்மை கண்ட இடத்துலேருந்து விசேஷ வீட்டுக்குப் போகக் கூடாதே! அங்க ஊர்ப்பட்ட சின்னப் பிள்ளைக இருக்குமே!”

“மூணாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்திட்டா போகலாம்,” என்றார் அய்யலுசாமி.

“இன்னும் ரெண்டரை மணி நேரந்தான் இருக்கு. மூணு நாளைக்கு எங்க போவேன்?” என்றார் குருவையா. “அந்தப் பய பரமசிவம் இந்நேரம் மடியை விரிச்சு உட்கார்ந்திருப்பான்.”

அய்யலுசாமி மறுபடி வானத்தைப் பார்த்தார். “அண்ணாச்சி, நாள்னா என்ன? ஒரு ராத்திரி, ஒரு பகல். அவ்வளவுதான?”

சோலையப்பனின் படுக்கையிலிருந்து பெரிய ஜமுக்காளம் வந்தது. அதை வண்டியின் முகத்தோடு சேர்த்துப் போர்த்தி, நால்வரும் அதற்கடியில் தலையை நுழைத்துப் படுத்தார்கள். இருட்டாக இருந்தது. யாரோ ஒருவர் குறட்டை விட்டார். பிறகு அய்யலுசாமி கொக்கரக்கோ என்றார். போர்வையை விலக்கினார்கள், பளிச்சென்று விடிந்திருந்தது. வேப்பங்குச்சியால் பல் விளக்கி, “நல்லாத் தூங்கினீங்களா?” என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் இரவு சோலையப்பனுக்குக் கெட்ட கனவு வந்தது. காலையில் அதைச் சொன்னார். மூன்றாம் இரவு கொசு அதிகம். மூன்றாம் நாள் விடிந்தபோது மணி பத்தரை.

சீரில் இருந்த மஞ்சள் தூள் முழுவதையும் குழைத்து வண்டியின் முகத்தில் பூசினார்கள். முப்பது லிட்டர் தண்ணீரிலும் வேப்பிலை போட்டு வெயிலில் வைத்தார்கள். குடிக்க மட்டும் என்று எழுதியிருந்ததால் முதலில் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள், எழுத்துக்கு மரியாதை. பிறகு தலைக்குத் தண்ணீர். வண்டிக்குத் தலை எது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. முத்தரசு கூரைமேல் ஏறி, கடைசிச் சொட்டுவரை அங்கே ஊற்றினார். அது நான்கு பக்கமும் வழிந்து, ஜன்னல் வழியே உள்ளே போய், சீர்த்தட்டில் இருந்த பட்டுப்பாவாடையை நனைத்து, கரிசல் மண்ணில் இறங்கி மறைந்தது. ரேடியேட்டர் வறண்டு கிடந்தது.

“தொட்டுப் பாருங்க,” என்றார் அய்யலுசாமி.

குருவையா புறங்கையால் தொட்டார். “சூடு விட்டிருக்கு!” என்று சிரித்தார். சிரித்த வாய் அப்படியே கோணியது. மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி?”

“ஏலே... மூணு நாள் ஆச்சேடா. அப்ப காதுகுத்து முந்தாநாளே முடிஞ்சிருக்கும்.”

இதை யாரும் யோசிக்கவில்லை. முத்தரசுக்கும் அழுகை வந்தது.

“போர்வையைத் திருப்பிப் போட்டு மூணு நாளைப் பின்னால கொண்டுபோயிருவமா?” என்றார் சோலையப்பன்.

“கொண்டுபோகலாம்,” என்றார் அய்யலுசாமி. “நாள் திரும்பினா அம்மையும் திரும்பிரும். எது வேணும்னு அண்ணாச்சி சொல்லட்டும்.”

குருவையா மஞ்சள் முகத்தோடு நின்ற வண்டியைப் பார்த்தார். தன் மடியைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பாவமாக இருந்தது. அப்போது போன் அடித்தது. தங்கை. அவர் எழுந்து நின்று எடுத்தார்.

“அண்ணே, எங்க இருக்கே?”

“மன்னிச்சிரு தாயி,” என்றார். “முந்தாநாள் வர முடியாமப் போச்சு.”

“என்னது முந்தாநாளா?”

“பிள்ளைக்குக் காது ஆறிட்டுதா? சீழ் கீழ் வைக்கலியே?”

“இன்னும் குத்தவே இல்லண்ணே! எல்லாரும் உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம்!”

குருவையா போனைப் பொத்திக்கொண்டு மற்றவர்களிடம் திரும்பினார். கண்ணில் நீர் தாரை தாரையாக வழிந்தது. “இன்னும் குத்தலியாம்டா! மூணு நாளா, மூணு நாளா எனக்காகப் பந்தலைப் பிரிக்காம உட்கார்ந்திருக்காங்களாம்டா!”

“தங்கச்சின்னா அதுதான் தங்கச்சி,” என்றார் முத்தரசு, மூக்கை உறிஞ்சியபடி.

செண்பகவல்லி இந்த அண்ணனோடு பிறந்து வளர்ந்தவள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டாள். “நான் பிள்ளையைத் தூக்கிட்டு அங்க வாரேன். நீ நிக்கிற இடத்துலயே நில்லு. ஒரு அடி நகரக் கூடாது!”

பதினொன்றே முக்காலுக்கு ஒரு ஷேர் ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. செண்பகவல்லி, இடுப்பில் குழந்தை மதியழகி, ஊசியோடு ஆசாரி, இஸ்திரி மடியோடு பரமசிவம். எல்லோரும் இறங்கினார்கள். குருவையா போனைக் காதில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

“கிட்ட வராத தாயி!” என்று கத்தினார். “அவங்களுக்கு அம்மை. மூணாம் நாள் தண்ணி இப்பதான் ஊத்தியிருக்கு!”

செண்பகவல்லி மஞ்சள் பூசிய வண்டியைப் பார்த்தாள். வேப்பிலையைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். “எனக்குச் சின்ன வயசுலயே போட்டாச்சு. இவளுக்கும் போன மாசம் போட்டு இறங்கிட்டுது. உட்காரு சீக்கிரம்.”

“எப்படித் தாயி உட்கார? நிக்கிற இடத்துல நிக்கச் சொன்னியே?”

“மணி ஆகுது அண்ணே, உட்காரு!”

குருவையா அய்யலுசாமியைப் பார்த்தார். அய்யலுசாமி இருபுறமும் தலையசைத்தார். “மொத உத்தரவு நில்லுங்கறது. அதை ரத்து பண்ணாம ரெண்டாவதைக் கேட்க முடியாதும்மா.”

ஆசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பதினொன்னு அம்பத்திரண்டு. நிக்கிற ஆளுக்கு மடி ஏது? யார் மடின்னு சீக்கிரம் சொல்லுங்க.”

பரமசிவம் வேட்டியை மடித்துக்கொண்டு சாலையோரக் கல்லில் உட்கார்ந்தான். ஒரு சுருக்கமில்லாத, அகலமான மடி. “அக்கா, பிள்ளையை இப்படிக் குடுங்க. நேரம் போகுதுல்ல.”

குருவையா உட்காரவில்லை. தங்கை சொன்ன சொல் அல்லவா. கண் மட்டும் அந்தக் கல்லையே பார்த்தது.

“ரத்து!” என்று அலறினாள் செண்பகவல்லி. “நான் சொன்னது எல்லாமே ரத்து! உட்காருண்ணே!”

குருவையா பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். குழந்தை மடியில் விழுந்தது. ஆசாரி ஒரு காதில் குத்தினார், மறு காதில் குத்தினார். மதியழகி வீறிட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காகங்கள் எல்லாம் பறந்தன. பன்னிரண்டு அடிக்க இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. தாய்மாமனும் குழந்தையும் ஒரே சுருதியில் அழுதார்கள்.

அதற்குள் ஆட்டோ டிரைவர் வண்டியின் ஓட்டையைக் கண்டுபிடித்து, துணி சோப்பைப் பிசைந்து அப்பி, சீரில் இருந்த பதினொரு இளநீரையும் வெட்டி ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார். சொட்டு நின்றது. “மூணாம் நாள் தண்ணி ஊத்தினா அம்மை இறங்காம இருக்குமா?” என்றார் அய்யலுசாமி.

“சரி, எந்திரிண்ணே. சாப்பிடப் போவோம்,” என்றாள் தங்கை. பத்து வருஷத்தில் அவள் அவரைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

குருவையா எழுந்திருக்கவில்லை.

“எந்திரிக்க மாட்டேன் தாயி. ஆசாரி சொன்னதைக் கேட்டேல்ல? எந்திரிச்சா மடி போயிரும். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டாந்த மடி.”

வேறு வழியில்லை. நான்கு பேர் அவரை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கினார்கள். நான்காவது ஆள் பரமசிவம். டிரைவர் சீட்டில் வைத்தபோது மடி சேதாரமில்லாமல் இருந்தது. அவரே ஓட்டினார். கோயிலில் அதேபோல் இறக்கி, பந்தியில் வைத்தார்கள்.

முதல் பந்தி எழுந்தது. குருவையா எழவில்லை. உட்கார்ந்திருக்கிறவர் முன் இலை போடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று இரண்டாம் பந்திக்கும் இலை போட்டார்கள். இலையில் போட்டதைச் சாப்பிடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று அவர் சாப்பிட்டார். மூன்றாம் பந்தி. நான்காம் பந்தி. ஐந்தாம் பந்தியில் பாயாசம் வந்தபோது அவர் தற்செயலாகக் குனிந்து பார்த்தார். வயிறுதான் தெரிந்தது.

“ஏலே,” என்றார் மெதுவாக. “மடியைக் காணோம்.”

மூவரும் ஓடி வந்தார்கள்.

“எந்திரிச்சீங்களா அண்ணாச்சி?”

“சத்தியமா இல்ல.”

“அப்ப எந்திரிக்காமலே போயிருக்கு,” என்றார் அய்யலுசாமி. “களவுதான்.”

வாசலில் பரமசிவத்தைப் பிடித்துத் தாம்பூலப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு தேங்காயும் வெற்றிலையும்தான் இருந்தன. பந்தலைச் சுற்றிப் பார்த்தார்கள். செருப்பு விடும் இடத்தில் பார்த்தார்கள். இல்லை.

“நாங்க அந்த வேப்பமரத்தடி வரைக்கும் போய்த் தேடிட்டு வாரோம்,” என்றார் முத்தரசு. “அங்கதான் எங்கயாவது விழுந்திருக்கும்.”

சோலையப்பன் இரண்டடி நடந்து திரும்பி வந்தார். “அண்ணாச்சி, கிடைச்சா உங்களதுதான்னு எப்படி அடையாளம் கண்டுபிடிக்க?”

குருவையா ஆறாம் பந்தியின் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே யோசித்தார்.

“ஒரு குழந்தை உட்கார்ற அளவுக்கு இருக்கும்லே,” என்றார். “நடுவுல கொஞ்சம் நனைஞ்சிருக்கும்.”